குசினிப்படி அளவு

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டுப் போனுக்கு ஓய்வில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட முந்தியே அடிக்கத் தொடங்கிவிடும். சுகம் விசாரிக்க ஒருவரும் எடுப்பதில்லை. "அக்கா, எந்தப் படி?" என்று கேட்பார்கள். "நடுப்படி நனையுது" என்று என் மனைவி சொல்லுவாள். "ஆ, சரி அக்கா" என்று வைத்துவிடுவார்கள். மலைநாட்டிலிருந்து வந்து எங்களோடு நின்ற என் ஒன்றுவிட்ட தம்பி ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, "என்னண்ணே, இது ஏதும் ரகசியப் பாஷையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

ரகசியம் ஒன்றுமில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அறிய எங்கள் ஊர் நம்பியது எங்கள் குசினியின், அதாவது சமையற்கட்டின், பின்படிகளைத்தான். முறைப்படி அளவு கீறிய தூண் ஒன்று துருசடியில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இடத்தில், நட்டிருந்தது. ஊர் எருமைகள் அதைத் தங்களுக்கு முதுகு சொறிய நட்ட தூண் என்று எடுத்துக்கொண்டன. உரஞ்சி உரஞ்சி அது ஒருபக்கம் சரிந்துபோனது. அதில் பார்த்தால் கோடையிலும் குளம் நிறைந்துதான் இருக்கும். எங்கள் படியோ சீமெந்துப் படி. நான் என் கையால் கட்டியது. எந்த எருமைக்கும் அசையாது.

கனகராயன்குளத்தில் பெரிய வீதியை விட்டிறங்கி, செம்மண் பாதையில் உள்ளே வந்தால் எங்கள் ஊர். குளக்கட்டுக்குக் கீழே வயல். கட்டுக்கு மறுபக்கம், தண்ணீர் ஏறி இறங்குகிற சரிவை அலைகரை என்போம். எங்கள் வயல் கட்டுக்குக் கீழே, வீடு அலைகரையில். குளம் நிரம்பினால் வயலுக்குக் கொண்டாட்டம், வீட்டுக்குத் திண்டாட்டம். இப்படி ஒரு இடத்தில் மூளையுள்ளவன் வீடு கட்டுவானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கேட்டுக் கண்டது ஒன்றுமில்லை.

யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது குளக்கட்டு உடைந்து கிடந்தது. நடுவில் ஒரு குட்டை மாத்திரம். நாங்கள் இல்லாத காலத்தில் காடு எங்களை அடியோடு மறந்துவிட்டிருந்தது. வயலில் ஆளுயரத்துக்குப் பற்றை. பள்ளிக்கூட வாசலில் வீரை மரம் முளைத்து, பிள்ளைகளை எதிர்பாராமலே வளர்ந்து நின்றது. யானைகள் எங்கள் ஒழுங்கையைத் தங்கள் பெருந்தெருவாக்கி, இரு பக்கமும் உரசி அகலமாக்கி வைத்திருந்தன. அதிலொரு நன்மை, பிறகு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டிப்போக அந்தப் பாதையே போதுமாயிருந்தது. யானை போட்ட ரோட்டில்தான் இன்றைக்கும் நெல் ஏற்றுகிறோம். நாங்கள் பற்றை வெட்ட வெட்ட யானைகள் காட்டுப்பக்கம் தள்ளிப்போயின. ஆனால் கோடையில் குளத்துக்கு வருகிற வழியை மாற்றவில்லை. அந்த வழியில் ஒருவரும் வேலி போடுவதுமில்லை.

அலைகரையில் அப்போது பச்சைப் புல்லும் பெரிய மருத மரங்களும். என் மனைவிக்கு இடம் பிடித்துவிட்டது. கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். மருதின் நிழலில் குசினி வைக்கலாம். அந்த மரங்களின் அடியில் பழைய சேறு காய்ந்த தடத்தை அவளுக்குக் காட்டினேன். மருது தண்ணீரில் கால் நனைத்து நிற்கிற மரம், அது நிற்கிற இடம்வரை குளம் ஒருநாள் வரும் என்றேன்.

"கட்டே இல்லாத குளத்துக்கு என்ன பயம்? இஞ்சேருங்கோ, இதுதான் என்ரை கடைசி வீடு. இனி ஆர் வந்து எழுப்பினாலும் நான் எழும்பமாட்டன்" என்றாள்.

வட்டக்கச்சியில் அவள் பிறந்த வீட்டில் தொடங்கி, அவள் விட்டுவிட்டு ஓடிவந்த வீடுகளும் கொட்டில்களும் எத்தனை என்று அவள் எண்ணுவதில்லை. நானும் கேட்பதில்லை. சில வீடுகளில் அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அப்படிப்பட்ட ஒருத்தி "இது கடைசி" என்று சொன்னால் மருத மரத்தைக் காட்டி வாதாட முடியாது. தகரக் கூரையும் அரைச்சுவரும் வைத்துத் தற்காலிக வீடு கட்டினோம். என்னால் முடிந்த ஒரே தற்காப்பாக நிலத்தை உயர்த்தி, குசினியின் பின்பக்கம் குளத்தைப் பார்த்தபடி மூன்று படி வைத்தேன்.

எனக்கும் அவளுக்கும் தண்ணீர் விஷயத்தில் எப்போதும் ஒத்துப்போவதில்லை. என் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து இறங்கி வந்தவர்கள். மலையில் தண்ணீர் என்றால் ஓடவிட வேண்டியது. தேங்கினால் சரிவு கழன்று லயத்து வீடுகளின் மேல் விழும். அப்பா சமதரைக்கு வந்த பிறகும் மண்வெட்டியை எடுத்தால் வடிகான்தான் வெட்டுவார். ஒரு சொட்டு மழை முற்றத்தில் நிற்க விடமாட்டார். அவளுடைய ஆட்கள் குடாநாட்டிலிருந்து வட்டக்கச்சிக்குக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள். கிணற்றில் அள்ளிய தண்ணீரைப் பாத்தி பாத்தியாக அளந்து விட்டவர்கள். முகம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போகும், அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்குப் போகும். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி, தண்ணீரை விடுவதா பிடிப்பதா என்பதுதான்.

பிறகு குளத்தைத் திருத்தினார்கள். கட்டு உயர்ந்தது. அடுத்த மாரியில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் கீழ்ப்படியில் சின்னச் சின்ன அலை. நான் தலையில் கைவைத்தேன். அவள் கீழ்ப்படியில் குந்தியிருந்து சட்டி பானை கழுவினாள். "கிணத்தடிக்கு நடக்கத் தேவையில்லை, பாருங்கோ" என்றாள். அன்றைக்குப் படகு வந்து கூப்பிட்டிருந்தாலும் அவள் ஏறியிருக்கமாட்டாள்.

குளம் திரும்பியதோடு எல்லாம் திரும்பின. தாமரை எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்தது. நீர்க்காகங்கள் மருத மரத்தில் குடியேறி, எங்கள் தகரத்தில் வெள்ளையடித்தன. ஊர்க் கிணறுகள் எல்லாம் மேலே ஏறின. நாங்கள் கைவிட்டுப்போன தென்னை குருத்து விட்டது. ஊர் ஆட்களின் குணம்கூட மாறியது. தண்ணீர் இல்லாத காலத்தில் ஒருவரோடொருவர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள், குளக்கட்டில் பின்னேரக் காற்று வாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேசத் தொடங்கினார்கள். அந்தக் கதையில்தான் எங்கள் படியும் பிரபலமானது. எங்கள் வட்டவிதானையார், குளத்தைத் திறந்து மூடுகிற பொறுப்புள்ளவர், ஒருநாள் எங்கள் குசினிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கீழ்ப்படி நனைஞ்சால் வான் பாயுது எண்டு அர்த்தம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வான் என்றால் குளம் நிரம்பி வழிகிற கட்டு.

தண்ணீர் கிடைத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். மாரியில் செய்கிற காலபோகத்துக்கு மழையே போதும். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குத்தான் குளத்துத் தண்ணீர் தேவை. அது குறைந்தால் வயல் முழுவதையும் விதைக்க முடியாது. ஆகவே வான் கட்டின் மேல் ஒரு மண்மூட்டை உயரத்துக்கு அடுக்கி இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைப்போம் என்று கூட்டத்தில் கதை வந்தது. ஒரு மூட்டைக்கு மேலே வைத்தால் கட்டுக்குக் கூடாது, ஒன்றுக்குப் பிழையில்லை என்றார் வட்டவிதானையார். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். ஊரே பார்த்தது. அலைகரையில் மருதுக்குக் கீழே கட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான்.

நான் எழும்பி, எங்கள் குசினியை நினைத்துப் பாருங்கள் என்று தொடங்கினேன். என் சட்டையைப் பிடித்து இருத்திவிட்டு அவள் எழும்பினாள்.

"வையுங்கோ மூட்டையை. குசினிக்கை தண்ணி வந்தால் ரெண்டு நாளைக்கு வெளியிலை சமைப்பன். வயலுக்குத் தண்ணி இல்லாட்டி வருசம் முழுக்க என்னத்தைச் சமைக்கிறது?"

கைதட்டுக் கேட்டது. அவளைக் கட்டினவன் நான் ஒருத்தன் மட்டும் கைதட்டவில்லை.

அதன் பிறகு மாரியில் நடுப்படி நனைவது வழக்கமாகிவிட்டது. போன் அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஊர் முழுக்க அவளிடம் படி கேட்டு, அதற்கேற்ப வரம்பு கட்டுவது, உரம் எறிவது, மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் தீர்மானித்தது. அவளுக்கும் அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. "நடுப்படி, ஆனால் கொஞ்சம் மேலை" என்று மருத்துவர் வருத்தக்காரரின் காய்ச்சலைச் சொல்வதுபோலச் சொல்லுவாள். நான் மட்டும் ஒவ்வொரு மாரிக்கும் மேட்டுக்குப் போவோம் என்று நச்சரிப்பேன். "எழும்பமாட்டன்" என்ற ஒரே பதிலை ஒவ்வொரு மாரிக்கும் கேட்பேன்.

ஒரு மாரியில் மழை அடைத்துக்கொண்டு பெய்தது. மேற்படியும் தண்ணீரில் தாழ்ந்து, குசினிக்குள் கணுக்கால் தண்ணீர். அவள் அசையவில்லை. அடுப்பைத் தூக்கி மேசையில் வைத்தாள். கதிரையில் ஏறி நின்று சமைத்தாள். ஒருநாள் காலையில் நல்ல பெரிய விரால் ஒன்று தவறி அரிசிப் பானைக்குப் பக்கமாக வந்து நீந்தியது. சுளகால் அமத்திப் பிடித்தாள். கடைக்குப் போகாமல், தூண்டில் போடாமல், குசினியிலேயே மீன் பிடித்துக் குசினியிலேயே குழம்பு வைத்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் குழம்பு ருசியாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நாள் விராலைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வந்தது. அதற்கடுத்த நாள், மருதடியில் கிடந்த மரக்குற்றி மெல்ல வாயைத் திறந்தது. முதலை. சின்னதுதான், என்றாலும் முதலை.

அந்தக் கிழமை வட்டக்கச்சியில் அவளுடைய தமக்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. அவள் போய்விட்டாள். வட்டவிதானையார் வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தார். மேசைமேல் அடுப்பு, கதிரைமேல் அரிசி, தண்ணீருக்குள் அவளுடைய செருப்பு ஒன்று மிதந்து திரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது சரியில்லை. எங்கட வயலுக்காக ஒரு பொம்பிளை முதலையோடை குடித்தனம் நடத்துறா. அவா இல்லாத நேரமே மூட்டையை எடுத்துப்போடுவம். இருந்தால் விடமாட்டா."

நான் ஓம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் ஓம் என்பேன். ஊர் ஆட்கள் போய் மூட்டைகளை இழுத்துவிட்டார்கள். தண்ணீர் வானால் சத்தத்தோடு பாய்ந்தது. குசினி வடிந்தது. நான் சந்தோசமாகக் கூட்டிக் கழுவி, அடுப்பைக் கீழே இறக்கி வைத்தேன்.

அவள் பஸ்ஸால் இறங்கி வந்து, சீலைகூட மாற்றாமல், நேரே பின்பக்கம் போனாள். படியைப் பார்த்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஆர் எடுத்தது?"

"ஊர்தான். உமக்காகத்தான்."

"என்ரை அடுப்புக்காக ஊரின்ரை தண்ணியைத் திறந்துவிட்டனீங்களோ?"

அப்படியே சீலையோடு வட்டவிதானையார் வீட்டுக்கு நடந்தாள். அங்கே நடந்த பேச்சு ஒழுங்கைமுனை வரை கேட்டது. "கோவிக்காதை தங்கச்சி, மழை இன்னும் கிடக்குது, திரும்ப அடுக்குவம்" என்று அவர் சமாதானம் சொன்னார். சொன்னபடியே மூட்டைகளைத் திரும்ப அடுக்கினார்கள். மழைதான் வரவில்லை. அந்த மாரி அத்தோடு முடிந்துபோனது. நடுப்படிக்குத் தண்ணீர் எட்டவேயில்லை.

சிறுபோகத்துக்கான கூட்டம் பிள்ளையார் கோயிலடியில் நடந்தது. தண்ணீர் போதாது. துருசுக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் விதைப்பது, அதை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவானது. ஆளாளுக்கு ஒரு சின்னத் துண்டு. மூட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குசினிக்காக எடுத்தோமே என்று ஒருத்தர் முணுமுணுக்கவில்லை. அவ்வளவு நல்ல ஆட்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. யாராவது ஒருத்தர் ஏசியிருந்தால் அவள் திருப்பி ஏசியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும்.

கோடை வந்தது. குளம் கீழே கீழே போனது. விதைக்காத வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது, மாடுகள் அதில் ஒன்றுமில்லாததை மேய்ந்தன. கட்டு வழியாகப் போய்வரும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவாள். வீட்டில் கதை குறைந்துவிட்டது. என்னோடு தண்ணீர்ச் சண்டைகூடப் பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காலை கீழ்ப்படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் பளபளத்தது.

"இஞ்சேருங்கோ. வீட்டைக் கழட்டுங்கோ."

எனக்குச் சரியாக விளங்கவில்லை. "என்ன?"

"மருதுக்கு மேலை போவம். இனி நிரம்பிற தண்ணி நிரம்பட்டும்."

நாக்கு சும்மா இருக்குமா? "ஆர் எழுப்பினாலும் எழும்பமாட்டன் எண்டனீர்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓம், எண்டனான். இப்ப ஒருத்தரும் எழுப்பேல்லையே. அதுதான் போறன்."

இத்தனை வருசமாக நான் நச்சரித்துக் கேட்டது நடக்கப்போகிறது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வீடு மாற ஊரே வந்தது. தகரம் கழற்ற ஒரு கூட்டம், கூரை தாங்கின கப்புகளைப் பிடுங்க ஒரு கூட்டம், சும்மா நின்று புத்தி சொல்ல இன்னொரு கூட்டம். ஒரு நாளில் முடிகிற வேலை. அவள் அதை ஒரு கிழமை ஆக்கினாள். கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள். செவ்வரத்தையையும் கறிவேப்பிலையையும் வேரோடும் மண்ணோடும் கிளப்பினாள். சீனிப்போத்தல் ஒரு நடை, உப்புப்போத்தல் இன்னொரு நடை. லான்ட்மாஸ்டர் உறுமிக்கொண்டு நிற்க, பின்பக்கம் போய் ஒரு ஓட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெயிலில் நின்ற எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓட்டை வாளி என்னத்துக்கு?"

"எல்லாத்தையும் கொண்டுபோக இப்பதான் ஒருக்கால் நேரம் கிடைச்சிருக்குது. விடுங்கோ."

நான் வாளியை வாங்கி, கயிறு எடுத்து, கோப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் நன்றாகக் கட்டினேன்.

கடைசியாகப் படிகளை உடைத்து, அந்தக் கல்லைப் புது அத்திவாரத்துக்குப் போடலாம் என்று அலவாங்கை ஓங்கினேன். வட்டவிதானையார் ஓடிவந்தார். "தம்பி, அதைக் கீழை வையும். படியை உடைச்சால் குளத்தை என்னத்தாலை அளக்கிறது?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். ஆகவே குசினியின் சீமெந்து நிலமும் மூன்று படியும் அப்படியே அலைகரையில் நிற்கின்றன. ஏறிப்போனால் வீடில்லை. பாதையால் போகிற புது ஆட்கள் நின்று பார்த்து, இது என்ன கோயில் என்று கேட்கிறார்கள்.

இந்தக் கார்த்திகையும் போன் அடித்தது. புது வீட்டிலிருந்து படி தெரியாது. அவள் குடையைப் பிடித்து, போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, மருதுகளைத் தாண்டி இறங்கினாள். நானும் பின்னால் போனேன். வான் கட்டில் மூட்டை இருந்தது. இந்த முறை அதை எடுக்க யாருக்கும் காரணம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. குளம் எங்கள் கால்வரை வந்து நின்றது.

"அண்ணை, மேற்படியும் தாண்டிட்டுது. முழுக்க மூடிட்டுது" என்று போனில் சொன்னாள். அந்தப் பக்கம் வட்டவிதானையார் சத்தமாகச் சிரித்தது எனக்கும் கேட்டது. முழு வயலும் விதைக்கலாம்.

போனை வைத்த பிறகும் அவள் திரும்பவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. குசினி நிலம் அடியில் தெரிந்தது. அடுப்பு இருந்த மூலையில் ஒரு விரால், தன் சிவப்புக் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்து, குழம்புக்கு ஆள் வந்திருக்கிறார் என்று பகிடி விட்டேன்.

"பேசாமல் இருங்கோ" என்றாள். குடையை என் பக்கமும் கொஞ்சம் சரித்துப் பிடித்தாள். "நான் விட்டிட்டு வந்த வீடுகளிலை இந்த ஒண்டிலைதான் பிறகும் ஆக்கள் குடியிருக்கினம்."